பெரிய திரையில் பார்த்தவர்

‘ஏற்கெனவே பார்த்தவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் தாஜ்மகாலுக்கு டிக்கெட் எடுத்தால், அவர் அதைப் பௌர்ணமி நிலவில் பார்த்தவர். நீங்கள் குற்றாலம் போய்வந்தால், அவர் அருவியில் நிஜமாகவே தண்ணீர் விழுந்த காலத்தில் குளித்தவர். நீங்கள் ஆசையாசையாக ஒன்றைச் சொல்ல வாயைத் திறக்கும்போதே அவர் முகத்தில் ஒரு களைப்பு வந்து உட்காரும். ‘இப்போதுதான் வந்து சேர்கிறாயா?’ என்று கேட்கிற களைப்பு. பாவம், உங்களுக்காக எத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ!

இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. எண்பதுகளில், பல்லாவரத்துக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட பூமியில், அதில் ஒரு விசேஷக் கிளை செழித்து வளர்ந்தது. ஜிப்பா போட்டது, தோள்பை மாட்டியது, தாடியை வளர்க்கவும் மனமில்லாமல் மழிக்கவும் மனமில்லாமல் நடுவில் விட்டு வைத்தது. மற்றவர்கள் சினிமாவைப் பார்த்தார்கள். இவர் சினிமாவைப் ‘பெரிய திரையில்’ பார்த்தார். வித்தியாசம் புரிகிறதா? புரியாது. உங்களுக்குப் புரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடே.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஏதாவது ஒரு வெளிநாட்டுப் படத்தின் பேச்சு வந்தால் போதும், முதலில் கண்ணை மூடுவார். பிறகு இரண்டு கைகளையும் மெல்ல விரிப்பார். அதுதான் திரையின் அகலம். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கிளாஸ் அந்த அகலத்துக்குள் வந்தால், டீ அவர் வேட்டியில்தான். பிறகு ஒரு பெருமூச்சு. அதற்கும் பிறகு, எங்கோ தூரத்திலிருந்து வருவது மாதிரி, அதைப் பெரிய திரையில் பார்க்கவேண்டும் என்பார். அவ்வளவுதான் விமர்சனம். கதை என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கதை கேட்கிறவன் பாமரன். யார் நடித்தது என்று கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்கிறவன் ரசிகர் மன்றத்துக்காரன். பாட்டு உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடமாட்டார்.

சரி, அந்தப் படத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள் என்றால்? ஐயோ, அது இன்னும் மோசம். எங்கே பார்த்தீர்கள் என்பார். டிவியில் என்றால் சிரிப்பார். வீடியோ காசெட்டில் என்றால், துக்கம் விசாரிக்க வந்தவர் போல உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். அப்படியானால் நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை, படத்தின் போட்டோவைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று ஆறுதல் சொல்வார். டிவிப் பெட்டியில் அந்த மழை சரியாக விழாது, அந்தக் குதிரை சரியாக ஓடாது, அந்த மௌனம் சரியாகக் கேட்காது. இல்லை ஐயா, நான் தியேட்டரிலேயேதான் பார்த்தேன் என்று நீங்கள் தைரியமாக நிமிர்ந்தால், அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார்: “எந்த பிரிண்ட்?” அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மனிதனை நான் இதுவரை சந்தித்ததில்லை. அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

உதாரணத்துக்குச் சிட்லபாக்கம் ஏகநாதனை எடுத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்ள மாட்டார், யாராவது தம்மைப் பற்றி எழுதினால் போதும் என்று இருப்பவர். அவருடைய அப்பா காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த நிலம் அவர்களுடையது. நிலம் மனையானது, மனை வீடானது, வீடு போர்ஷன் போர்ஷனாகப் பிரிந்தது, போர்ஷன் வாடகையானது, வாடகை கடைசியில் ரசனையானது. காலையில் எழுந்து ஓடவேண்டிய ஆபீஸ் இல்லாத மனிதனுக்கு ஏதாவது ஒரு துன்பம் வேண்டாமா? ஏகநாதன் உலக சினிமாவைத் தேர்ந்தெடுத்தார். ‘தென்புறத் திரைக் கழகம்’ என்று ஒன்றைத் தொடங்கி, தாமே முன்மொழிந்து, தம்முடைய குடித்தனக்காரர் ஒருவரை வழிமொழிய வைத்து, தலைவரும் ஆனார். மாதம் ஒரு முறை தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் படம். எந்த நாட்டில் ஜனங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்களோ அந்த நாட்டுப் படமாகப் பார்த்துத் தருவிப்பார். படம் முடிந்ததும் பேசுவார். பேச்சு, படத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

இந்தத் தலைமைக்கு அவரிடம் இருந்த தகுதி என்ன? படிப்பா? பல்லாவரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுத்தா? கழகத்தின் சுற்றறிக்கையைத் தவிர எதுவும் எழுதியதில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் அவருடைய மொத்த ஆஸ்தி. “அந்த ஜப்பான் படத்தை நான் டெல்லியில பெரிய திரைல பார்த்தேன்.”

கறுப்பு வெள்ளைப் படம். மூன்றரை மணி நேரம். கோட்டை, குதிரை, மழை, சேறு. உலகத்தின் சிறந்த படங்கள் என்று எவர் எங்கே உட்கார்ந்து பட்டியல் போட்டாலும் அதில் வந்துவிடுகிற படம். நம் பக்கத்தில் அப்போது யாரும் அதைப் பார்த்ததில்லை, பார்க்க வழியும் இல்லை. ஆகவே ஏகநாதன் பார்த்ததே போதும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். கமிட்டிக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச யாராவது எழுந்தால், அவர் கண்ணை மூடி, கைகளை விரித்து, ‘டெல்லியில்…’ என்று ஆரம்பிப்பார். எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார்.

டெல்லியில் என்ன நடந்தது? ஒரு நாள் கழக வேலையாக நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இந்தப் பேச்சை ஆரம்பித்தவர், வாசலில் கேஸ் சிலிண்டர் வந்ததென்று பாதியில் எழுந்து போனார். காபி டம்ளரை எடுக்க வந்த அவர் மனைவி சாவித்ரி, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், சும்மா தகவலாகச் சொன்னார்: “டெல்லிக்கு நாங்க போனது எங்க அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு. போன அன்னிக்கே இவருக்கு வயிறு கெட்டுப்போச்சு. திரும்பி ரயில் ஏறுற வரைக்கும் பாத்ரூமைத் தவிர வேற எதையும் பார்க்கல.”

இதைப் பொய் என்று சொல்லலாமா? அந்த வாரம் டெல்லியில் திரைப்பட விழா நடந்தது நிஜம். அதை அவர் மைத்துனர் வீட்டு நாளிதழில் படித்தது நிஜம். அனுமதிச் சீட்டு வாங்கும் வழியைக்கூட விசாரித்து வைத்திருந்தார், உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. ஊர் திரும்பியதும் யாரோ ‘பார்த்தீர்களா?’ என்று கேட்க, ‘ம்’ என்று சொல்லியிருக்கிறார். முதல் தடவை அது ‘ம்’. அடுத்த மாதம் அது வாக்கியம். சில வருஷங்களில் அது அனுபவம். நாளடைவில் அந்த மழையில் தாமே நனைந்ததாக நம்பவும் தொடங்கிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டால் ஏகநாதன் யார்? நாலு போர்ஷன்காரர். மோட்டார் ரிப்பேர் என்று மாடிக் குடித்தனம் கூப்பிட்டால் இறங்கி ஓடவேண்டியவர். யாருக்குத்தான் அது பிடிக்கும்?

இந்த இடத்தில் ஏசுதாசன் வருகிறார். தாம்பரம் ரயில்வேயில் கிளார்க். அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்தில் வீடு. கழகத்தின் இணைச் செயலாளர். அதாவது நாற்காலி போடுகிறவர். ஏகநாதனின் பேச்சைப் படத்தைவிட அதிகமாக ரசித்த ஒரே ஜீவன் அவர்தான். அந்த ஜப்பான் படத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அது அவருக்கு ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடவேண்டும், அதுவும் சார் பார்த்த மாதிரி பெரிய திரையில் பார்த்துவிடவேண்டும் என்று தீர்மானித்து, யாரிடமும் சொல்லாமல் டெல்லியில் ஜப்பான் தூதரகத்துக்கு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். விடாமல் எழுதுகிறவனுக்கு என்றைக்காவது ஒரு நாள் பதில் வந்துதானே தீரும்? வந்தது. படப்பெட்டி தாம்பரத்துக்கே வருகிறது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கும் சொல்லி முடித்துவிட்டார். எண்பத்தெட்டாம் வருஷம், மழைக்காலம் முடிகிற சமயம்.

தலைவருக்குச் சந்தோஷம் தரப்போகிறோம் என்று நினைத்து, மூச்சிரைக்க சைக்கிளில் வந்து செய்தியைச் சொன்னார் ஏசுதாசன். ஏகநாதன் முகம் போன போக்கை, அன்றைக்கும் அங்கே இருந்த நான் பார்த்தேன். அந்தத் தியேட்டரின் திரை போதாது என்றார். திரையை அளந்துவிட்டதாகச் சொன்னார் ஏசுதாசன். திரையின் நடுவில் ஒரு தையல் இருக்கிறது, அது ஜப்பானியர்களின் மனதைப் புண்படுத்தும் என்றார் அவர். தையலை நேற்றுத்தான் பிரித்து நேர்த்தியாகத் தைத்தார்கள் என்றார் இவர். இந்த ஊர் ஜனங்கள் இன்னும் பக்குவப்படவில்லை, ஒரு பத்து வருஷம் போகட்டும் என்றார் அவர். பெட்டி ரயில் ஏறிவிட்டதாகச் சொன்னார் ஏசுதாசன். அதற்குமேல் என்ன செய்வது? ஏகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் விரிக்கவில்லை.

மனுஷன் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் இந்த இனம் சும்மா இருக்காது. தாம் அதை முன்பே பார்த்தவர் என்று ஊருக்கு இன்னொரு முறை உணர்த்த வேண்டாமா? ஒரு சுற்றறிக்கை விட்டார். குழந்தைகளைக் கொண்டுவரக்கூடாது. பேசக்கூடாது. நடுவில் எழுந்து ஒன்றுக்குப் போகக்கூடாது. முக்கியமாக, இடைவேளை கிடையாது. இடைவேளை என்பது முறுக்கு விற்பதற்காக நம் ஊர் வியாபாரிகள் கண்டுபிடித்த அநாகரிகம், உலகத்தில் எந்த மேதையும் தன் படத்தை நடுவில் அறுத்துக் கொடுத்ததில்லை, டெல்லியில் அந்தப் படத்தை ஒரே மூச்சில்தான் பார்த்தோம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். தியேட்டர் கேண்டீனைப் பூட்டச் சொன்னார். ஆபரேட்டர் மாரியைக் கூப்பிட்டு, தாம் டார்ச் அடித்துக் காட்டும்வரை விளக்கைப் போடவேகூடாது என்று கட்டளையிட்டார். மாரி தலையாட்டினார். விளக்கு போடாத காட்சி அவருக்கு லாபம். ஒரு வேலை மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டமும் வந்தது. சிட்லபாக்கத்து ரிட்டயர்டு பெரியவர்கள் மஃப்ளரோடு வந்தார்கள். பேங்க்காரர்கள் மனைவிமார்களோடு வந்தார்கள். வெளிநாட்டுப் படம் என்றால் சென்சார் வெட்டியிருக்கமாட்டான் என்ற ஒரே நம்பிக்கையில் கல்லூரி இளைஞர்கள் முன்வரிசையை நிரப்பினார்கள். கராத்தே சொல்லித்தருகிற ஒருவர் தன் மாணவர்களைச் சீருடையோடு அழைத்து வந்திருந்தார். ஏகநாதன் நட்டநடுச் சீட்டில், வெள்ளை வெளேரென்று இஸ்திரி போட்ட புது ஜிப்பாவில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சாவித்ரி, அந்தப் பக்கம் ஏசுதாசன். பின்வரிசையில் நான்.

படம் ஓடத் தொடங்கியதும் ஏகநாதன் தம் வித்தையைக் காட்டினார். பார்க்காத படத்தைப் பார்த்தவர் போல எப்படிப் பார்ப்பது? உங்களுக்கு என்றைக்காவது உதவும், கவனியுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்துச் சீட்டின் பக்கம் சாய்ந்து, ‘இப்ப வரும் பாருங்க’ என்று சொல்லவேண்டும். சினிமாவில் எப்போதும் ஏதாவது வந்துகொண்டுதானே இருக்கும்? குதிரை வரும், அல்லது மேகம் வரும். எதுவுமே வராவிட்டால், ‘வந்துதே, கவனிச்சீங்களா?’ என்று கேட்கவேண்டும். ஏசுதாசன் கவனிக்கத் தவறியதற்காக ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டார்.

கதை எங்களுக்கே புரிகிறமாதிரிதான் இருந்தது. ஒரு கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஜனங்கள் பட்டினி. ஒருவன் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே போய், ஒரு மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், பெருக்கெடுத்த ஆற்றில் இறங்கித் திரும்பி வருகிறான். தண்ணீர் கழுத்துவரை. ஏசுதாசனுக்குத் தாங்கவில்லை. “எங்க தெருவுல வெள்ளம் வந்தா நாங்களும் இப்பிடித்தான் சார் ரேஷன் அரிசியைத் தூக்கிகினு வருவோம்” என்று சொல்லிவிட்டார். ஏகநாதன், அது அரிசி அல்ல, இருப்பின் பாரம் என்று திருத்தினார். ஏசுதாசன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அந்த மூட்டை நனையாமல் கரை சேரவேண்டுமே என்ற கவலை அவர் முதுகிலேயே தெரிந்தது.

கரையிலிருந்து ஓர் அம்பு வந்தது. தோளில் பாய்ந்தது. அவன் மூழ்கினான். மூட்டை மட்டும் மிதந்து போனது. தண்ணீர், மழை, தண்ணீர். திரை இருண்டது. நடுவில் ஜப்பானிய எழுத்து இரண்டே இரண்டு. அதுவரை கீழே ஓடிய ஆங்கில எழுத்தும் இல்லை. ஒரு புல்லாங்குழல் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது.

யாரும் அசையவில்லை. முடிந்துவிட்டதா? இடைவேளையா? இடைவேளைதான் கிடையாது என்று எழுத்திலேயே வந்துவிட்டதே! அரங்கத்தில் இருந்த அத்தனை தலையும் மெல்லத் திரும்பி நடுச் சீட்டைப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? இதை முன்பே பார்த்தவர் அவர் ஒருவர்தானே. தனியாக இருந்திருந்தால் அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார், படமும் தானாகத் தொடர்ந்திருக்கும். இத்தனை முகங்கள் பார்க்கும்போது எப்படிப் பேசாமல் இருப்பது? இதன் முடிவு தெரியாது என்றால் டெல்லி என்ன ஆவது?

எழுந்துவிட்டார். சாவித்ரி ஜிப்பாவின் நுனியைப் பிடித்து இழுத்து, தணிந்த குரலில் சொன்னார்: “முடிஞ்சிடுச்சான்னு அந்த ஆபரேட்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.”

“என்னையா கேக்கச் சொல்ற?” என்றார் ஏகநாதன்.

டார்ச்சை மேலே அடித்தார். விளக்குகள் எரிந்தன. கைதட்டினார். தலைவரே தட்டிய பிறகு நாம் தட்டாவிட்டால் புரியவில்லை என்றல்லவா ஆகிவிடும்? அரங்கமே தட்டியது. கராத்தே மாணவர்கள் வரிசையாகக் குனிந்து திரைக்கு வணக்கம் சொன்னார்கள். பேச்சு வரப்போகிறது என்று முன்னனுபவத்தால் அறிந்தவர்களும், சுற்றறிக்கையால் சிறுநீரை அடக்கியவர்களுமாகப் பாதிப் பேர் அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் வெளியேறி, நேரே ஸ்டேஷனுக்குப் போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துவிட்டார்கள். மீதிப் பேர் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் மரியாதை அல்லது கால் மரத்துப்போனது, இரண்டில் ஒன்று.

ஏகநாதன் திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினார். புல்லாங்குழல் பின்னணியில் ஒலிக்க, அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சை அன்றைக்குத்தான் பேசினார். அதை நான் மறுக்கமாட்டேன். நதி அவனை எடுத்துக்கொண்டது என்றார். மூட்டை மிதக்கிறது, மனிதன் மூழ்குகிறான், இதைவிட என்ன சொல்லவேண்டும் என்றார். நம் ஊர் டைரக்டராக இருந்தால் அவனைப் பிழைக்க வைத்து ஒரு பாட்டும் பாடவைத்திருப்பான் என்றார். சூன்யம் என்றார். பௌத்தம் என்றார். டெல்லியில் இந்த முடிவை முதன்முதலாகப் பார்த்தபோது தம்மால் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை என்றும், கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை என்றும் சொன்னபோது, அவர் குரல் நிஜமாகவே உடைந்தது.

புல்லாங்குழல் நின்றது. மாரி விளக்கை அணைத்தார்.

பளீரென்று ஒரு வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. வெள்ளை ஜிப்பாவில் ஆறு ஓடியது. அந்த ஆற்றுக்குள்ளிருந்து, ஏகநாதனின் நெஞ்சுக்கு நேராக, செத்துப்போனவன் தலையைத் தூக்கினான். இருமினான். தண்ணீரைத் துப்பினான். கையை ஊன்றித் தவழ்ந்து கரையேறி, அங்கே குடிசை வாசலில் நின்ற யாரையோ பார்த்து ஏதோ கேட்டான். அவன் கேட்டது ஆங்கில எழுத்தில் ஏகநாதனின் இடுப்பைச் சுற்றி ஓடியது. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தான்.

சிரிப்பு வந்திருக்கவேண்டும், இல்லையா? ஒருவரும் சிரிக்கவில்லை. ஏசுதாசன் மட்டும் பாதி எழுந்து நின்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. அரிசி சுமந்தவன் பிழைத்துக்கொண்டான் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

“சார், அவன் சாகலையா?”

ஏகநாதன் கண் கூசும் வெளிச்சத்துக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு திரும்பித் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘எனக்குத் தெரியாதப்பா, உட்காரு, பார்ப்போம்.’ இதைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருந்தால், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜப்பான் படத்தைப் பெரிய திரையில் பார்த்திருப்பார். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது அது, மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தார்.

“இது கம்பெனிக்காரன் ஒட்டவெச்ச பாதி, ஏசுதாசன். ஜனங்க அழுதுடக் கூடாதுன்னு, வசூலுக்காகப் பண்ணது. நான் டெல்லியில பார்த்தது டைரக்டரோட ஒரிஜினல் பிரிண்ட். அது ஆத்தோட முடிஞ்சிடும்.” பிறகு மேலே டார்ச் அடித்து, படத்தை நிறுத்தச் சொன்னார்.

மாரி தன் ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார். “இன்னும் அஞ்சு ரீலு கீது சார். நீ நிறுத்த சொன்னா நிறுத்திடறேன், எனக்கின்னா? ஆனா அந்தாளு இப்பத்தான் சார் கரையேறி வந்துகினு கீறான்.”

இனி முடிவு அரங்கத்தின் கையில். அங்கே இருந்தவர்கள் படித்தவர்கள், நிதானமானவர்கள், யோசித்தார்கள். கைதட்டியாகிவிட்டது. சூன்யத்துக்குத் தலையாட்டியாகிவிட்டது. பாதிப் பேர் பார்த்துவிட்டதாக எண்ணி வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது உட்கார்ந்து மீதியைப் பார்த்தால், அந்தக் கைதட்டலை என்ன செய்வது? மணி வேறு பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சமையல் ஆறிக்கொண்டிருக்கிறது. முதலில் ஒரு மஃப்ளர், “ஒரிஜினலே போதும்” என்றது. வசூலுக்காகச் செய்ததை நாம் ஏன் பார்க்கவேண்டும் என்று ஒரு பேங்க் கேட்டது. ஒரு நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது. மாரி தோளைக் குலுக்கிவிட்டு மிஷினை நிறுத்தினார். கேட்ட சாப்பாடு கிடைத்ததா இல்லையா என்று தெரிவதற்குள் அந்த ஜப்பான்காரன் இருட்டில் மறைந்தான்.

எல்லோரும் போன பிறகும் சாவித்ரியும் ஏசுதாசனும் மட்டும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாவித்ரி பெருமூச்சு விட்டு, செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தார். ஏசுதாசன், இது தியேட்டர், நாற்காலி எடுத்துவைக்க வேண்டியதில்லை என்று நினைவு வந்து, பிறகு எழுந்தார். படப்பெட்டி மறுநாளே டெல்லிக்குத் திரும்பிப் போனது.

ஏகநாதன் அவமானப்பட்டார், தலைமையைத் துறந்தார் என்று எதிர்பார்க்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவே தெரியாது. அவர் அந்தஸ்து இரண்டு மடங்காயிற்று. முன்பு அவர் படத்தைப் பார்த்தவர். இப்போது ஒரிஜினல் பிரிண்டைப் பார்த்தவர். அதைவிடப் பெரிய விளைச்சல் என்னவென்றால், அதுவரை பல்லாவரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில் ஒரே ஒருவராக இருந்த ‘ஜப்பான் படம் பார்த்தவர்’ இனம், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஓர் அரங்கம் கொள்ளும் அளவுக்குப் பெருகிவிட்டது. கைதட்டலோடு ட்ரெயின் பிடித்தவர்கள்கூட, அது ஆற்றோடு முடிகிற விதம் இருக்கிறதே என்று ஆபீஸில் கண்ணை மூடினார்கள்.

ஏசுதாசன் மட்டும் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்குச் சாப்பாடு கொடுத்திருப்பார்களா சார் என்று, பார்க்கும்போதெல்லாம் ஏகநாதனிடம் கேட்பார். அது வேறு படம் என்பார் அவர். பிறகு கேட்பது குறைந்தது. பிறகு நின்றது.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. வீட்டுக்கு வீடு உலகம் வந்தது. அப்போது ஒரு நாள் நான் ஏசுதாசனின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவருக்குப் பக்கத்து மேஜையில் புதிதாக வந்திருந்த கன்னியம்மா, முந்தின நாள் டிவியில் ஒரு பழைய ஜப்பான் படத்தைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டை, மழை, அரிசி மூட்டை என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, ஏசுதாசன் பேனாவை மூடி வைத்தார். “அவன் ஆத்துல முழுகிட்டான்னு நான் அழுதேபுட்டேன் சார். ஆனா பொழச்சிக்கிறான். மிச்சக் கதையே அங்கதான் ஆரம்பிக்குது. கரையேறி வந்து சோறு கேக்கறான் பாருங்க, அப்ப அந்தக் குடிசைக்காரி…”

நான் ஏசுதாசனைப் பார்த்தேன். எத்தனை வருஷமாக அவர் தேடிய பதில்! இன்னும் ஒரே ஒரு வாக்கியம், கேட்டுவிட்டால் தீர்ந்தது. அவர் கன்னியம்மாவைத் தடுக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கை இன்னொரு கையோடு சேர்ந்து மெல்ல விரிந்தது. கண் மூடிக்கொண்டது.

“டிவியில பார்த்தீங்களாம்மா?” என்றார். “அது எந்த பிரிண்ட்டோ!”

கன்னியம்மா பாதியில் நிறுத்திக்கொண்டு ஃபைலை எடுத்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஏகநாதனைப் பார்த்துக்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

நல்லவேளை, நீங்களும் நானும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. நாம் தெரிந்ததைத்தான் தெரியும் என்போம், பார்த்ததைத்தான் பார்த்தோம் என்போம், இல்லையா? இருந்தாலும் ஒரு சின்ன சந்தேகம். குதிரை, மழை, சேறு என்று நான் தொடங்கியபோதே நீங்கள் மெல்லத் தலையாட்டினீர்கள். எல்லாப் பட்டியலிலும் வருகிற படம் என்றதும், அதுதானே என்று உங்களுக்குள் ஒரு திருப்தி. ஆற்றில் அவன் மூழ்கும்போது, ஆமாம், அந்தக் கட்டம் பிரமாதமாக இருக்கும் என்றுகூட உங்களுக்குத் தோன்றியது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் கண்ணை மூடியும் காட்டியிருப்பீர்கள்.

அந்தப் படத்தின் பெயரை நான் இதுவரை சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.